கிருஷ்ணகிரி முதல் தொப்பூர் வரை: ஒரு மலைத்தொடரின் வேர்

கிருஷ்ணகிரியில் சேலம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊரைத் தாண்டும் வரை கோட்டை மலை கூடவே வரும். மொட்டைப் பாறை. வெளிர்ச் சாம்பல் உடம்பில் மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புத் தாரைகள். காவேரிப்பட்டணம், தருமபுரி எல்லாம் கடந்து, லாரிகள் பிரேக்கை மிதித்தபடி ஊர்ந்து இறங்கும் தொப்பூர் கணவாய்க்கு வந்து சேரும்போது, வழியில் வெட்டுண்டு நிற்கும் பாறைகளின் நிறம் மெல்ல மாறியிருக்கும். சாம்பல் நிறம் குறைந்து, பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு மங்கல் நிறம் கூடியிருக்கும். கணவாயின் இறக்கம் சில நூறு அடிதான். ஆனால் பாறைகளின் கணக்குப்படி அந்த இரண்டு மணி நேரத்தில் பூமிக்குள் பல கிலோமீட்டர் இறங்கியிருக்கிறோம். கிருஷ்ணகிரிப் பாறைகள் சுமார் 18, 20 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. தெற்கே சேர்வராயன் மலையை நெருங்க நெருங்க அந்த ஆழம் 25 கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

இந்த எண்ணின் பெருமையை உணர ஓர் ஒப்பீடு உதவும். மனிதன் பூமியில் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் துளைத்தும் 12,262 மீட்டரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அதைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் இருந்த பாறைமேல் நம் ஊரில் ஆடு மேய்கிறது, துணி காய்கிறது, கேழ்வரகு உலர்கிறது. அது எப்படி மேலே வந்தது, முதலில் அவ்வளவு ஆழத்துக்கு ஏன் போனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒரு பெரும் மலைத்தொடர் இருந்தது. நாம் இன்று குடியிருப்பது அதன் வேரில்.

எங்கள் பக்கத்து நிலங்களில் வேலிக்கும் பந்தலுக்கும் கல்லுக்கால் நடுவது வழக்கம். அப்படி ஒரு கல்லுக்காலை அருகில் போய்ப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக விரல் அகலக் கோடுகள் மாறி மாறி ஓடும். வெள்ளைக் கோட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற கனிமங்கள். கறுப்புக் கோட்டில் கறுப்பு மைக்காவும் ஹார்ன்பிளெண்டும். சில இடங்களில் கோடுகள் நேராக இராமல், இழைக் கோலத்தைக் குழந்தை கையால் இழுத்துவிட்டதுபோல் வளைந்து மடிந்து திரும்பும். கல் உடைப்பவர்கள் இந்தக் கோட்டின் போக்கைப் பார்த்த பிறகுதான் ஆப்பு இறக்கத் துளை போடுவார்கள். கோடு போகும் திசையில் கல் ஒழுங்காகப் பிளக்கும். இதற்கு நைஸ் என்று பெயர். ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்து இறுகிய பாறை, பிறகு மறுபடியும் சூடேறி, நசுங்கி, இழுபட்டு, இப்படிக் கோடு கோடாகப் பிரிந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் பாரடைசோ கிரானைட்டின் அலை அலையான அழகும் இப்படிப் பாறை பாதி உருகி, குழைந்து, மடிந்ததால் வந்ததே. உருகும் தறுவாயில் இருந்த ஒரு மலை வேரைத்தான் யாரோ எங்கோ தங்கள் சமையலறை மேடையாகப் பதித்திருக்கிறார்கள்.

தெற்கே வரும் பச்சைக் கறுப்புக் கல் வேறு குணம் கொண்டது. உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கம் இருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இராமல் நீலம் பாய்ந்திருக்கும். ஜல்லி யார்டுகளின் பலகையில் ‘ப்ளூ மெட்டல்’ என்று எழுதியிருப்பதும், தமிழ்நாட்டின் கணிசமான சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் கிடப்பதும் பெரும்பாலும் இந்தக் கல்தான். இதன் பெயர் சார்னோகைட். அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்த ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைப் பலகை, சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுபோன கல். 1893-இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்தபோது இந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலையும் பல்லாவரமும் இதே கல்லால் ஆனவை.

நைஸும் சார்னோகைட்டும் பிறப்பால் வேறான இரண்டு பாறைகளா, அல்லது ஒன்று மற்றொன்றாக மாறியதா? இந்தக் கேள்விக்கு மிக அழகான சாட்சி கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் கிடைத்தது. ஓசூரிலிருந்து மேற்கே, கனகபுரா பக்கம் உள்ள குன்று. அங்கே சாம்பல் நைஸின் நடுவே, அதன் கோடுகளை அழித்துக்கொண்டு, பச்சைக் கறுப்புத் திட்டுகள் மை ஊறியதுபோல் படர்ந்திருக்கின்றன. நைஸ் சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்தபோது அந்த மாற்றம் பாதியிலேயே நின்றுவிட்ட காட்சி அது. பேராசிரியர் சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நைஸில் உள்ள மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் தங்கள் படிகத்துக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பவை. எழுநூறு, எண்ணூறு டிகிரி வெப்பத்தில், கரியமில வாயு நிறைந்த சூழலில், அந்த நீர் வெளியேறிவிடும். மிஞ்சும் பொருள்கள் சேர்ந்து பைராக்ஸீன் என்ற நீரற்ற கனிமமாகின்றன. அந்தக் கனிமம் முதன்முதலில் தலைகாட்டும் எல்லையை வரைபடத்தில் இழுத்தால் ஒரு கோடு கிடைக்கும். 1936-இல் தென்னிந்தியாவைச் சார்னோகைட் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று பிரித்துக் காட்டிய லூயிஸ் ஃபெர்மர் பெயரால் அது ஃபெர்மர் கோடு எனப்படுகிறது. அது கத்தியால் கீறியது போன்ற கோடு அல்ல. பல கிலோமீட்டர் அகலத்துக்குக் கலந்து குழம்பிய எல்லை. நம் இரண்டு மாவட்டங்களின் ஊடே அது போகிறது. உலகெங்கும் உள்ள நிலவியலாளர்களுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற பெயர்கள் மாம்பழத்தால் அல்ல, இந்தக் கோட்டால்தான் தெரியும்.

ஆழத்தை எப்படிச் சொல்கிறார்கள்? பாறைக்குள் இருக்கும் கனிமங்களே அழுத்தமானிகள். அழுத்தம் கூடக் கூட ஃபெல்ஸ்பாரில் இருக்கும் கால்சியம், இடத்தை அடைக்காத நெருக்கமான படிகம் கொண்ட கார்னெட் என்ற கனிமத்துக்குள் போய்ச் சேர முனையும். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த கார்னெட், ஃபெல்ஸ்பார், பைராக்ஸீன் மூன்றின் இரசாயன அளவையும் அளந்தால், அவை எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் சமநிலைக்கு வந்தன என்று கணக்கிடலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஐந்து, ஆறு கிலோபார் (ஒரு கிலோபார் என்பது நம்மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு). தெற்கே ஏழு, எட்டு. ஒரு கிலோபாருக்கு மூன்றரை கிலோமீட்டர் பாறைச் சுமை என்று வைத்துக்கொண்டால் நான் தொடக்கத்தில் சொன்ன எண்கள் வந்துவிடும். வடக்கே பெல்லாரி வரை போனால் அழுத்தம் இன்னும் குறைந்துகொண்டே போகும். பலகை ஒன்றை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலெழுந்த முனையை இழைப்புளியால் சீவியதுபோல் இருக்கிறது தென்னிந்தியா. சீவப்பட்ட முனை நம் பக்கம். அதனால்தான் உள்ளே மறைந்திருந்த அடுக்கு இங்கே வெளியே தெரிகிறது.

இப்போது ஒரு கூட்டல். நம் காலுக்குக் கீழே இன்றும் சுமார் 40 கிலோமீட்டர் தடிமனுக்குக் கண்ட மேலோடு, அதாவது கண்டத்தின் பாறை ஓடு, இருக்கிறது. இதன் மேல் ஒரு காலத்தில் 25 கிலோமீட்டர் பாறை இருந்து போய்விட்டது. ஆக, அன்றைய மேலோட்டின் தடிமன் 65 கிலோமீட்டர் அளவுக்கு இருந்திருக்க வேண்டும். கண்ட மேலோட்டின் வழக்கமான தடிமன் 35 முதல் 40 கிலோமீட்டர். அறுபதையும் எழுபதையும் தொடும் இடங்களில் இன்றைய பூமியில் முக்கியமானவை திபெத்தும் ஆண்டீஸ் மலையின் உயர் சமவெளியும். பூமியின் வெளி ஓடு பல பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது; இவை இரண்டுமே அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் விளிம்புகளில் இருக்கின்றன. மேலோடு சும்மா தடிக்காது. அதைத் தடிக்கவைக்க எதிரெதிராக இரண்டு பெரும் தட்டுகள் வந்து நெருக்க வேண்டும்.

அந்த நெருக்கல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கடலடித் தட்டு பிறக்கும்போது சூடாகவும் இலேசாகவும் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து நகர்ந்து குளிர்ந்து கனத்துப்போகும். கடைசியில் கண்டத்தின் ஓரத்துக்கு வரும்போது அதைவிடக் கனமாக இருப்பதால் அதன் அடியில் புகுந்து அமிழத் தொடங்கும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நாஸ்கா தட்டு இன்றும் அப்படித்தான் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. போகிற போக்கில் அதன் முதுகில் இருந்த சேறும் மணலும் எரிமலைத் தீவுகளின் துண்டுகளும் சுரண்டப்பட்டு கண்டத்தின் ஓரத்தில் குவியும். களத்தில் கேழ்வரகைப் பலகையால் தள்ளிக்கொண்டு போகும்போது பலகைக்கு முன்னால் குவியல் ஏறுமே, அதே மாதிரி.

அமிழும் தட்டு தன்னோடு நீரையும் எடுத்துச் செல்கிறது. கடல்நீர் ஊறி ஊறி அதன் பாறைகளில் நீர்க் கனிமங்கள் நிறைந்திருக்கும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றும். மேலே இருக்கும் மூடகத்துக்குள், அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள கனமான பாறை அடுக்குக்குள், அது ஊறும். வெறும் வெல்லத்தை வாணலியில் போட்டால் இளகுவதற்குள் கருகும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் சட்டென்று இளகிப் பாகாகும். மூடகப் பாறையும் அப்படித்தான். வெப்பம் அதேதான். நீர் சேர்ந்ததும் உருகும் புள்ளி இறங்கிவிடுகிறது. உருகிய குழம்பு மேலே ஏறி, கொஞ்சம் எரிமலையாக வெடிக்கும். பெரும்பகுதி மேலோட்டுக்குள்ளேயே தங்கி இறுகும். இப்படி அடியிலிருந்து ஊட்டம் பெற்றுக் கண்டத்தின் ஓரம் தடிக்கிறது. ஜப்பானும் இந்தோனேசியாவும் ஆண்டீஸும் இந்தத் தொழிலின் வெவ்வேறு பட்டறைகள்.

கடல் முழுவதும் அமிழ்ந்து தீர்ந்த பிறகு இரண்டு கண்டங்கள் நேருக்கு நேர் வந்துவிடும். கண்டப் பாறை இலேசானது. மூடகத்துக்குள் அவ்வளவு சுலபத்தில் அமிழாது. போக இடமில்லாமல் மடியும், முறியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இந்தியா ஆசியாவோடு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கியது இப்படித்தான். மோதலுக்கு முன் ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்கும் மேல் ஓடிவந்த நாடு, மோதிய பிறகு வேகம் குறைந்தும், இன்றும் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் நகர்ந்துகொண்டிருக்கிறது. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிர்களின் எச்சம் இருப்பது அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததற்கான நேரடிச் சான்று.

நமக்கு அந்த மாதிரிச் சான்று கிடையாது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சிப்பியோ மீனோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே. அதனால் பாறையின் இரசாயனத்தையும் வயதையும்தான் நம்ப வேண்டும். வயதுக்குச் சாட்சி சிர்க்கான் என்ற மணல்பொடி அளவுள்ள படிகம். அது பாறைக்குழம்பில் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. உள்ளே அடைபட்ட யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். யுரேனியம் 238 என்ற வகையில் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம் 235-க்கு 70 கோடி ஆண்டுகள் போதும். ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் அந்த வயதை நம்பலாம். இன்னொரு சிறப்பும் உண்டு. பழைய சிர்க்கானைச் சுற்றி, பாறை மறுபடி சூடேறிய காலத்தில், புதிதாக ஓர் உறை வளரும். உட்கரு பாறை பிறந்த நாளைச் சொல்லும். வெளி உறை அது வெந்த நாளைச் சொல்லும். நம் பகுதிப் பாறைகளில் பிறப்பு ஏறத்தாழ 253 கோடி ஆண்டுகள் என்று வருகிறது. வெந்தது அதற்குச் சில கோடி ஆண்டுகள் கழித்து. பிறந்த சூடு ஆறுவதற்குள்ளேயே அந்தப் பாறை ஆழத்தில் மாட்டிக்கொண்டு வெந்திருக்கிறது. குழம்பு ஊறிக்கொண்டே இருந்த ஒரு விளிம்பு நெருக்கப்பட்டு இறுகினால் இப்படித்தான் நடக்கும்.

இன்னும் வலுவான சாட்சி கொஞ்சம் வடக்கே, கோலார் தங்க வயலில் இருக்கிறது. 2001-இல் மூடப்படும் வரை பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் இறங்கித் தங்கம் வெட்டிய சுரங்கம். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் போய் உழைத்த இடம். தங்கம் இருப்பது சில கிலோமீட்டர் அகலமே உள்ள கரும்பாறைப் பட்டை ஒன்றில். அதன் தென்முனை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லைக்குள்ளும் நீள்கிறது. அந்தக் கரும்பாறை, கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு. அதன் இரண்டு பக்கத்திலும் உள்ள நைஸ் பாறைகளை ராஜாமணி, ஹேன்சன், குரோக்ஸ்டாட் முதலானோர் ஆராய்ந்து 1989-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். மேற்குப் பக்கத்துப் பாறைகளின் வயது ஏறத்தாழ 263 கோடி முதல் 255 கோடி ஆண்டுகள். அவற்றில் 320 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பழைய கண்டத்தின் கலப்பு தெரிகிறது. கிழக்குப் பக்கத்தின் வயது சுமார் 253 கோடி. அதில் பழைய கண்டத்தின் சுவடே இல்லை, நேராக மூடகத்திலிருந்து புதிதாக வந்த சரக்கு. சில கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் இரண்டு பாறைகளுக்கு இவ்வளவு வேறான பூர்வீகம் எப்படி வரும்? வெவ்வேறு இடத்தில் பிறந்து, நடுவில் இருந்த கடல் மறைந்து, ஒன்றோடொன்று வந்து ஒட்டியிருந்தால் வரும். தையல் போட்ட இடத்தில் கடலடிப் பாறை ஒரு கீற்றாகச் சிக்கிக்கொண்டது.

இதை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மூடகம் இன்றைவிட நூறு, இருநூறு டிகிரி கூடுதல் சூடு. அவ்வளவு சூட்டில் தட்டுகள் இன்றுபோல் விறைப்பாக இருந்திருக்காது, கண்டங்கள் பக்கவாட்டில் நகர்ந்து மோதுவதைவிட, கனமான எரிமலைப் பாறைகள் கீழே அமிழ, இலேசான கிரானைட் குமிழ்கள் மேலே எழ, செங்குத்தாகவே எல்லாம் நடந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். மேற்குக் கர்நாடகத்தின் இன்னும் பழைய பாறைகளுக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் கோலாரின் இரண்டு கரைகளைப் பார்த்த பிறகு, நம் பகுதியைப் பொறுத்தவரை, நெருங்கிய விளிம்புகள் என்ற விளக்கத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. சூடான பூமியில் நடந்த மோதல் இமயமலையின் நகலாக இருந்திருக்காது. இன்னும் இளகலாக, இன்னும் அகலமாக, கூரான சிகரங்கள் குறைந்து, ஆழத்தில் பாறை மாவுபோல் குழைந்து பக்கவாட்டில் ஒழுகிய மோதலாக இருந்திருக்கும். கல்லுக்காலில் நாம் பார்க்கும் இழுபட்ட கோடுகள் அந்த ஒழுகலின் தடம்.

சரி, அந்த மலை எங்கே போயிற்று? இதற்கு விடை கண்ட கதை இந்திய நில அளவையிலிருந்தே தொடங்குகிறது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையடியில் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து, நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெருவேலையைத் தொடங்கினார். குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை தெற்கு வடக்காகப் போன அந்த அளவை 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது. பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே போகிறது அந்தத் தீர்க்கரேகை. பின்னாளில் வட இந்தியாவில் கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு இடையே நில அளவும் நட்சத்திர அளவும் 5.236 வினாடிக் கோணம் ஒத்துப்போகவில்லை. இமயமலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று நினைத்த ஜான் பிராட் என்ற கல்கத்தாப் பாதிரியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். மலையின் பருமனுக்கு 15.885 வினாடி இழுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது. இவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கில வானியலாளர் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. மலைக்குக் கீழே இலேசான பாறையால் ஆன ஒரு வேர், கனமான மூடகத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. மலை மிதக்கிறது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் பரிசல் விளிம்பு வரை அமிழ்ந்து போகும். கரையில் ஒவ்வொருவராக இறங்க இறங்க அது மேலே எழும்பும். மலையும் அப்படி. மழையும் ஆறும் அதன் தலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் பாறையைக் கரைத்துக்கொண்டு போனால், மலை ஒரு கிலோமீட்டர் குள்ளமாகிவிடாது. சுமை குறைந்த வேர் மேலே எழும்பி இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டும். மேலோட்டின் அடர்த்தி 2.7, மூடகத்தின் அடர்த்தி 3.3 என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் தேய்வுக்கு உயரம் உண்மையில் குறைவது 180 மீட்டர் மட்டுமே.

இந்தக் கணக்கை முதன்முதலில் எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. 25 கிலோமீட்டர் பாறை தேய்ந்தால் உயரம் குறைவது நாலரை கிலோமீட்டர். திபெத்தைப் போல ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஒரு பீடபூமியிலிருந்து நாலரையைக் கழித்தால் மிச்சம் அரைக் கிலோமீட்டர். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் இன்று கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. 65-இல் 25 போக மேலோட்டில் மிஞ்சுவது 40, அதுவும் பொருந்துகிறது. இது தோராயக் கணக்கு. நடுவில் நிலம் பலமுறை எழுந்தும் தாழ்ந்தும் இருக்கிறது, ஆகவே இன்றைய உயரத்துக்கு இதையே முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பள்ளிக்கூடக் கழித்தலில் ஒரு மலைத்தொடரின் வாழ்வும் தேய்வும் அடங்கிவிடுவது எனக்கு இன்றும் மெய்சிலிர்ப்பைத் தருகிறது. காலத்துக்கும் குறைவில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், 25 கிலோமீட்டர் தேய 25 கோடி ஆண்டுகள் போதும். நம்மிடம் அதைப்போல் பத்து மடங்கு இருந்தது.

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலை இமயமலையைவிடப் பழையது என்று படித்துவிட்டு, சேர்வராயனையும் சித்தேரியையும் மேலகிரியையும் அந்தப் பழைய மலையின் சிகரங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பழையது கல்தான். அந்தக் கல்லில் இன்றைய குன்றுகளை வெட்டிச் செதுக்கியது அதற்கு மிகமிகப் பிற்காலத்து ஆறுகளும் நில எழுச்சிகளும். பழைய சிகரங்களில் ஒரு பிடி மண்கூட இங்கே இல்லை. அவை மணலாகிக் கடலுக்குப் போய், அந்தக் கடலே மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

வேர் மட்டும் ஏன் இத்தனை காலம் சிதையாமல் நின்றது? அதற்கும் விடை சார்னோகைட்டில் இருக்கிறது. பாலைக் காய்ச்சினால் கொழுப்பெல்லாம் ஆடையோடு மேலே ஏறிவிடும். ஆழத்தில் பாறை பாதி உருகியபோது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய கதிரியக்கத் தனிமங்கள் உருகிய பகுதியோடு மேலே போய்விட்டன. பூமிக்குள் சூட்டை உண்டாக்குபவை இவைதான். அவற்றை இழந்த வேர், தனக்கென்று சூடு இல்லாமல் குளிர்ந்து விறைத்தது. அந்த விறைப்பைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பாலக்கோடு, பென்னாகரம், ஓசூர் வட்டாரங்களில் சில இடங்களில் கறுப்பு உருண்டைக் கற்கள் வரிசையாக, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக, கிலோமீட்டர் கணக்கில் போகும். கறுப்பு கிரானைட் என்று சிலைக்கும் கல்லறைக்கும் வெட்டி எடுப்பது அதைத்தான். அவை நிலம் வெடித்த பிளவுகளில் ஏறி உறைந்த எரிமலைக் குழம்பின் சுவர்கள். பெங்களூரு முதல் தருமபுரி வரை பரவியுள்ள இவற்றில் பலவற்றின் வயது ஏறத்தாழ 237 கோடி ஆண்டுகள். குழைந்த மாவில் நேரான வெடிப்பு விழாது. காய்ந்து இறுகிய தரையில்தான் விழும். மாவாக ஒழுகிக்கொண்டிருந்த வேர், பதினைந்து கோடி ஆண்டுகளுக்குள் கண்ணாடி போல் நேராக வெடிக்கும் அளவுக்கு ஆறிவிட்டது என்பதை அந்தக் கறுப்பு வரிசைகளிலிருந்தே படித்துவிடலாம். ஒகேனக்கல்லில் இருக்கும், உலகின் மிகப் பழையவற்றில் ஒன்றான கார்பனடைட் (சுண்ணாம்பு போன்ற கார்பனேட் கனிமங்கள் நிறைந்த குழம்பு இறுகிய பாறை) பாறையும் அந்தக் காலத்தை ஒட்டியதே. சாமல்பட்டிப் பக்கத்துக் கார்பனடைட்டுகளும் ஏலகிரியின் சைனைட் (syenite) என்ற கிரானைட் போன்ற பாறையும் வெகு பின்னால், எழுபது எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பிளவின் வழியே வந்தவை. அது தனிக் கதை.

பரங்கிமலைச் சார்னோகைட்டையும் பெங்களூரு லால்பாக்கின் நைஸ் பாறையையும் நிலவியல் ஆய்வகம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. ஒன்று மாறி மற்றொன்றாகும் எல்லை எங்கள் மாவட்டங்களில் ஓடுகிறது; இங்கே அப்படி ஒரு பலகை கிடையாது. கல் உடைக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது அந்தத் தொழிலால்தான். ஆனால் கிருஷ்ணகிரிக்கும் தொப்பூருக்கும் இடையே சாலைக்காக வெட்டிய நல்ல பாறை முகங்களில் நான்கைந்தையாவது அப்படியே விட்டு, ஆழம் இத்தனை, வயது இத்தனை என்று தமிழில் எழுதி வைக்கலாம். நடுகற்களுக்குப் பேர்போன மாவட்டங்கள் இவை. இறந்தவன் நினைவாகக் கல் நட்ட ஊரில், அந்தக் கல்லுக்கே ஒரு நினைவுக்கல் வைப்பது பெரிய செலவில்லை.

கோட்டை மலைக்கு ஏறும்போது படிக்கட்டை விட்டுக் கொஞ்சம் விலகிப் பாறையை உற்றுப் பாருங்கள். வெங்காயத் தோல் உரிவதுபோல், வெளிப்புறத்தில் ஒரு முழம், இரண்டு முழத் தடிமனுக்குப் பாறை வளைந்த ஏடுகளாகப் பெயர்ந்து நிற்கும். ஏட்டுக்கும் உள்பாறைக்கும் நடுவே கையை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதற்குள் மண் சேர்ந்து புல் முளைத்திருக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் இதற்கு உதவுகின்றன. ஆனால் முதல் காரணம் வேறு. பல கிலோமீட்டர் பாறைச் சுமையை முதுகில் தாங்கி இறுகிக் கிடந்த கல், சுமை இறங்கியதால் விரிகிறது. விரிய இடம் மேலே மட்டுமே இருப்பதால் மேற்பரப்புக்கு இணையாக வெடிக்கிறது. ஏட்டின்மேல் கல்லால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது ஓசையில் தெரியும்.